உரோமை வீதியில் எத்தியோப்பியப் பாதங்கள்

உரோமை நகருக்குச் செல்லும் நம் மக்களுக்கு, அங்கே காண வேண்டியவை எவை என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். நான்கு பெரும் பேராலயங்கள், வேதசாட்சிகளின் கல்லறைச் சுரங்கங்கள், கொலோசேயம் என்னும் பழைய அரங்கம், ஊர் திரும்புமுன் உறவினர்க்கென வாங்கும் செபமாலைகள். அவ்வழி நல்வழியே, அதனைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. ஆயினும் அதே நகரில், அதே பழங்கற்களின்மேல், வேறொரு வழியும் உண்டு. அதன் நீளம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் மாலை, ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்திற்கென வகுக்கப்பட்ட வழி அது.

அவ்வழியே எத்தியோப்பியக் குழுவைச் சேர்ந்த அபெபே பிகிலா என்னும் 28 வயதுப் படைவீரர் வெறுங்காலுடன் ஓடி, 69 பேர் கலந்துகொண்ட ஓட்டத்தில் முதல்வராக வந்தார். ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களுள் தம் நாட்டின் பெயரால் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற முதல் மனிதர் அவரே. வெறுங்காலில் ஓடி வென்றார் என்னும் செய்தியைப் பள்ளிச் சிறுவர்களும் அறிவர். ஆனால் அவர் ஓடியது எந்த ஊரில், அவர் பாதம் பட்ட வீதிகள் எவை, அவ்வீதிகள் அவருடைய நாட்டுக்கு முன்னர்ச் செய்தது என்ன என்பவற்றை அறிந்தோர் சிலரே. அவ்வழியின் தொடக்கத்தையும் முடிவையும் கால்நடையாகச் சென்று கண்டவன் என்ற முறையில், அன்பு வாசகர்களை அவ்வழியே அழைத்துச் செல்ல விழைகின்றேன்.

ஐந்நூற்றுவர் சதுக்கம்

உரோமைக்கு இரயிலில் வருவோர் இறங்குமிடம் தெர்மினி நிலையம். வெளியே வந்தவுடன் எதிர்ப்படும் பரந்த வெளிக்கு ‘ஐந்நூற்றுவர் சதுக்கம்’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டுள்ளது. பேருந்து தேடி விரையும் பயணிகளுள் அந்த ஐந்நூற்றுவர் யாவர் என்று கேட்போர் அரியர். 1887-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், செங்கடலை அடுத்த தோகாலி என்னுமிடத்தில் எத்தியோப்பியப் படையிடம் தோற்று மடிந்த இத்தாலியப் போர்வீரர்களே அவர்கள். அவர்தம் நினைவுச் சின்னமும் அருகிலேயே நிற்கின்றது.

அத்தோல்வியை இத்தாலி மறக்குமுன் மற்றொன்று நேர்ந்தது. 1896-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், அட்வா என்னும் மலைநிலத்தில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியப் படையை முற்றாக முறியடித்தது. ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. அக்காலத்தில் ஆப்பிரிக்க அரசொன்று ஐரோப்பியப் படையொன்றைத் தோற்கடித்துத் தன் உரிமையைக் காத்துக்கொண்டது. ஒரு நாடு அதனை வெற்றித் திருநாளாகக் கொண்டாடியது. மற்றொரு நாடு அதனைத் தீராத காயமாக நெஞ்சில் வைத்துக்கொண்டது. அக்காயத்தை ஆற்ற முயலாமல், கிளறிவிட்டு ஆதாயம் தேடும் தலைவர் ஒருவர் பின்னர் வந்தார். முசோலினி என்பது அவர் பெயர்.

மோதிரங்கள் குவிந்த படிகள்

மாரத்தான் ஓட்டம் தொடங்கிய இடம் காம்பிதோலியோ குன்று. மைக்கேலாஞ்சலோ திட்டமிட்டு அமைத்த அழகிய சதுக்கம் அதன் உச்சியில் உள்ளது. அங்கிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வெனேசியா சதுக்கம். அதன் ஒருபுறம் வெண்சலவைக்கல் மலைபோல் எழுந்து நிற்பது ‘தாயகத்தின் பீடம்’ எனப்படும் நினைவு மண்டபம். மறுபுறம் வெனேசியா அரண்மனை. அதன் முகப்பில் ஒரு சிறு மேல்மாடம். இவ்விரண்டையும் சற்று நின்று பார்த்தல் வேண்டும்.

1935-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. போர்ச் செலவுக்குப் பொன் திரட்ட வேண்டுமென்று அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நாடெங்கும் ஒரு விழா எடுக்கப்பட்டது. உரோமையில் இம்மண்டபத்தின் படிகளில் முதலில் ஏறி வந்தவர் இத்தாலிய அரசி எலெனா. தம் திருமண மோதிரத்தைக் கழற்றி அவர் இட்டார். அவரைத் தொடர்ந்து ஆயிரமாயிரம் இல்லத்தரசியர் தத்தம் மோதிரங்களைக் கழற்றி இட்டு, அவற்றிற்கு ஈடாக எஃகு மோதிரங்களை அணிந்து சென்றனர். கடவுள் திருமுன் அன்பின் அடையாளமாகப் பெற்ற பொன், அறியாத மக்களைக் கொல்லும் குண்டுக்கு விலையாயிற்று. குடும்பங்கள் படிக்கும் இவ்விதழில் இந்நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட என் மனம் இடந்தரவில்லை. இத்தாலியத் திருச்சபையின் மேய்ப்பர்களுள் அப்போரை வாழ்த்தியவரும் இருந்தனர் என்பது வருந்தத்தக்க உண்மை. அதனை மூடி மறைப்பதால் எவர்க்கும் நன்மை இல்லை.

அப்போரில் இத்தாலிய விமானங்கள் நச்சுவாயுவைப் பொழிந்தன. அத்தகைய வாயுவைப் பயன்படுத்துவதில்லையென்று 1925-ஆம் ஆண்டு செனீவாவில் ஒப்பமிட்ட நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. 1936-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. மே 9-ஆம் நாள் இரவு, நாம் மேலே கண்ட அந்தச் சிறு மேல்மாடத்தில் நின்று, உரோமைப் பேரரசு மீண்டும் தோன்றிவிட்டதென்று முசோலினி முழங்கினார். கீழே கூடியிருந்த பெருங்கூட்டம் ஆர்ப்பரித்தது. நாடிழந்த பேரரசர் ஹைலே செலாசி சூன் 30-ஆம் நாள் செனீவாவில் நாடுகளின் சங்கத்தின்முன் நேரில் நின்று நீதி கேட்டார். சங்கம் செவிமடுத்தது, ஆனால் கைகொடுக்கவில்லை.

பின்வந்த ஆண்டு அதனினும் கொடியது. 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இத்தாலிய ஆளுநர் கிராட்சியானியைக் கொல்ல முயற்சி நடந்ததைக் காரணம் காட்டி, அடிஸ் அபாபாவில் மூன்று நாட்கள் ஆயிரக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டனர். மே மாதத்தில் தெப்ரெ லிபானோஸ் என்னும் பழம்பெரும் மடத்தின் துறவியர் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிலுவை அணிந்தவர்களைச் சிலுவை அணிந்தவர்களே சுட்டனர்.

அபெபே பிகிலா பிறந்தது 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள். போர் தொடங்கியபோது அவர் மூன்று வயதுக் குழந்தை. 1941-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பேரரசர் தம் தலைநகருக்குத் திரும்பியபோது ஒன்பது வயது நிரம்பாத சிறுவர். அந்த மீட்சிக்கு நம் நாட்டவரும் குருதி சிந்தியுள்ளனர். வெள்ளையர் ஆட்சியிலிருந்த இந்தியாவின் 4-ஆம், 5-ஆம் படைப்பிரிவுகளே அவ்வாண்டுத் தொடக்கத்தில் எரித்திரியாவின் கெரென் மலைகளில் இத்தாலியரை எதிர்த்துக் கடும்போர் புரிந்தன.

ஒரு சிறு குழு

எத்தியோப்பியா ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முதல் கலந்துகொண்டது 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில். அங்கே பதக்கம் எதுவும் கிட்டவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து உரோமைக்கு வந்த குழுவும் சிறியதே. அதன்மீது கண்வைத்தோர் எவருமிலர்.

அக்குழுவின் ஓட்டக்காரர்களைப் பயிற்றியவர் ஒன்னி நிஸ்கானென் என்னும் சுவீடன் நாட்டவர். அபெபே, பேரரசரின் மெய்க்காவற்படையில் பணியாற்றியவர். அடிஸ் அபாபா கடல்மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தின் உயரத்தை ஒத்தது என்று கொள்ளலாம். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் உயிர்வளியும் குறைவு. அதற்கேற்ப உடல், உயிர்வளியைச் சுமந்து செல்லும் சிவப்பணுக்களைக் குருதியில் மிகுதியாக உண்டாக்கிக்கொள்கிறது. அத்தகைய மேட்டுநிலத்தில் நெடுந்தொலைவு ஓடிப் பழகியவர் தாழ்நிலத்தில் ஓடும்போது அவருக்கு மூச்சு எளிதாகிறது. இன்று உலகெங்கும் ஓட்டக்காரர்கள் மலைநாடுகளைத் தேடிச் சென்று பயிற்சி பெறுவதன் காரணம் இதுவே. 1960-இல் இது பரவலாக உணரப்படவில்லை.

வெறுங்கால் ஓட்டத்திற்கும் காரணம் எளிமையானதே. உரோமையில் கிடைத்த புதிய சப்பாத்துகள் அவர் காலுக்குப் பொருந்தவில்லை. அணிந்தால் கொப்புளம் கண்டுவிடும். சொந்த நாட்டில் வெறுங்காலில் ஓடிப் பழகியவரே அவர். ஆகவே, பழகிய முறையே நன்றென்று முடிவு செய்யப்பட்டது. வறுமையின் அடையாளமென்று சிலரும், வீம்பின் அடையாளமென்று சிலரும் பின்னர் எழுதினர். தன் கால் எதைத் தாங்கும் என்பதை நன்கறிந்த ஓர் உழைப்பாளியின் தெளிவு அது என்பதே என் எண்ணம்.

ஓட்டத்திற்கு முன்னர் ஆசிரியரும் மாணவரும் வழியைச் சுற்றிப் பார்த்தனர். இறுதிக் கட்டத்தில், கபேனா வாயிற் சதுக்கத்தின் அருகே, சாலை சற்று மேடாவதைக் கண்டனர். விசையைக் கூட்டிப் பிரிந்து செல்ல ஏற்ற இடம் அதுவே என்று குறித்துக்கொண்டனர். அந்த இடத்திற்கு ஓர் அடையாளமும் இருந்தது. வானளாவ நின்ற நடுகல் ஒன்று. அது அவர்கள் நாட்டுக் கல்.

தீவட்டி ஒளியில்

நம் நாட்டவர்க்கு உரோமை ஒலிம்பிக் என்றதும் துயரமான நினைவுகளே எழும். மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து பதக்கத்தை மயிரிழையில் இழந்தது அங்கேதான். செப்டம்பர் 9-ஆம் நாள் வளைகோற் பந்தாட்ட இறுதியில் பாகிஸ்தானிடம் 1-0 என்ற கணக்கில் இந்தியா தோற்றதும் அங்கேதான். அதற்கு மறுநாள் மாலை, வெயில் தணியத் தொடங்கிய 5.30 மணி அளவில், காம்பிதோலியோவில் மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. விளையாட்டரங்கிலே தொடங்காமலும் அங்கே முடியாமலும் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் அது. தன் பழம்பெருமையையெல்லாம் உலகுக்குக் காட்ட உரோமை விரும்பிற்று.

வழி நகரின் தெற்கே கிறிஸ்தோபர் கொலம்பஸ் பெயரிலுள்ள அகன்ற சாலையில் சென்று, நகரைச் சுற்றி வளையும் வட்டச் சாலையைத் தொட்டு, பழைய ஆப்பியா சாலை வழியாகத் திரும்பியது. கி.மு. 312-இல் போடத் தொடங்கிய சாலை அது. புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்கு நடந்து வந்ததும் அச்சாலையிலேதான். இருபுறமும் ஊசியிலை மரங்கள், இடிந்த கல்லறைகள், கலிஸ்துஸ், செபஸ்தியார் பெயர்களைத் தாங்கிய கல்லறைச் சுரங்கங்கள். பட்டப்பகலில் நடந்து செல்லும்போதே சில இடங்களில் அப்பழங்கற்கள் உள்ளங்காலை உறுத்துவதைச் சப்பாத்தின் வழியாகவும் உணரலாம்.

ஓட்டக்காரர்கள் ஆப்பியா சாலையில் திரும்பியபோது இருள் சூழ்ந்துவிட்டது. சாலை நெடுகிலும் இத்தாலியப் போர்வீரர்கள் தீவட்டி ஏந்தி நின்று ஒளி தந்தனர். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலியப் படை அடிஸ் அபாபாவுக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை மேலே கண்டோம். இப்போது அதே நாட்டின் படைவீரர்கள், எத்தியோப்பியர் ஒருவரின் பாதைக்கு விளக்குப் பிடித்து நின்றனர். அவர்களுள் இளையோர் பலர் அப்போர் நடந்தபோது பிறந்தேயிராதவர்கள். முன்னோர் செய்த பழி அவர்கள் கைகளில் இல்லை; ஒளி மட்டுமே இருந்தது.

பாதி வழியிலிருந்தே இருவர் மட்டும் முன்னணியில் இணைந்து ஓடினர். ஒருவர் அபெபே, மற்றவர் மொராக்கோ நாட்டின் ராடி பென் அப்தெசலாம். ராடி 26-ஆம் எண் அணிந்து ஓடுவார் என்று அபெபேயிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவரோ 185-ஆம் எண் அணிந்து வந்தார். ஆகவே, தம் தோளோடு தோளாக ஓடுபவர்தாம் அவர் என்றறியாமல், 26-ஆம் எண்ணை முன்னே தேடிக்கொண்டே அபெபே ஓடினார் என்று கூறப்படுகிறது. எதிரி எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணி, உடன் ஓடுபவரோடு ஒத்த நடையில் ஓடிய ஓட்டம்!

புனித செபஸ்தியார் வாயிலைக் கடந்து, காரகல்லா அரசனின் நீராடு மண்டபங்களின் இடிபாடுகளைத் தாண்டினால் கபேனா வாயிற் சதுக்கம். குறித்துவைத்திருந்த அந்த நடுகல்லின் அருகே அபெபே விசையைக் கூட்டினார். ராடி பின்தங்கினார்.

கல்லின் கதை

அந்த நடுகல் எத்தியோப்பியாவின் வடபகுதியிலுள்ள அக்ஸூம் என்னும் பண்டைத் தலைநகரைச் சேர்ந்தது. கி.பி. நான்காம் நூற்றாண்டினது. உயரம் ஏறத்தாழ 24 மீட்டர். எடை ஏறத்தாழ 160 டன். ஒரே கல்லில், அடுக்கடுக்கான மாடிகளும் வாயிலும் சாளரங்களும் உள்ள மாளிகைபோல் செதுக்கப்பட்டது. அரசர்களின் அடக்கவிடங்களைக் குறிக்க நிறுத்தப்பட்ட கற்களுள் ஒன்று. காலப்போக்கில் அது விழுந்து உடைந்து கிடந்தது. இத்தாலியர் அத்துண்டுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உரோமையில் நிறுத்தினர். அதன் அருகே ஆப்பிரிக்க ஆட்சிக்கென ஓர் அமைச்சகக் கட்டடமும் எழுந்தது. வீரனின் நடுகல்லைப் பெயர்த்துச் செல்வதன் பொருள் என்ன என்பதைத் தமிழர்க்கு விளக்கத் தேவையில்லை.

அங்கிருந்து ஓட்டத்தின் முடிவிடமான கான்ஸ்தந்தீன் வளைவுக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. பலத்தீன் குன்றுக்கும் செலியோ குன்றுக்கும் இடையே செல்லும் அந்நேர்வீதியில்தான் பழங்கால உரோமைத் தளபதிகள் வெற்றி உலா வந்தனர். தோற்ற நாட்டு மன்னர்களும் மக்களும் விலங்கிடப்பட்டு அவ்வுலாவில் நடத்திச் செல்லப்பட்டனர். முசோலினியின் ஆட்சியில் அவ்வீதிக்கு ‘வெற்றிகளின் வீதி’ என்றே பெயர் இருந்தது. இன்று அது பெரிய புனித கிரகோரியாரின் பெயரால் வழங்குகிறது.

வளைவு கி.பி. 315-இல் அர்ப்பணிக்கப்பட்டது. நடுகல்லும் வளைவும் ஒரே நூற்றாண்டின் பிள்ளைகள். கான்ஸ்தந்தீன் உரோமையில் கிறிஸ்தவர்களுக்கு உரிமை வழங்கிய அதே நூற்றாண்டில்தான், அக்ஸூம் மன்னர் எசானா, புனித ஃபுருமென்சியுவின் போதனையால் கிறிஸ்துவை ஏற்றார். நாகரிகமற்ற மக்களுக்கு நாகரிகம் கொண்டு செல்வதாகச் சொல்லிக்கொண்டு படையெடுத்தவர்கள், தங்களை ஒத்த தொன்மையுள்ள ஒரு கிறிஸ்தவ நாட்டின் வாயிலைத்தான் உடைத்தார்கள். இவ்வுண்மையைச் சொல்ல வேறு நூல் வேண்டுவதில்லை. அக்கல்லிலிருந்து வளைவுவரை நடந்த அந்தச் சிறு தொலைவே போதும்.

அபெபே அத்தொலைவை ஓடிக் கடந்து, வளைவின் ஒளிவெள்ளத்தில் நுழைந்தபோது கடிகாரம் காட்டியது 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடி. அதுவரை உலகில் எவரும் மாரத்தானை அவ்வளவு விரைவில் ஓடியதில்லை. ராடி 25 வினாடி கழித்து வந்தார். நியூசிலாந்தின் பாரி மகீ மூன்றாமவர். எத்தியோப்பியக் குழுவின் மற்றோர் ஓட்டக்காரர் அபெபே வக்ஜிரா ஏழாமவராக வந்தார். வென்றவர் தளர்ந்து வீழவில்லை. சற்றே குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். உரோமை மக்கள் கைதட்டி வாழ்த்தினர். ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்ற ஆண்டு 1960. அவ்வாண்டில் ஆப்பிரிக்கர் இருவர் முதலிரண்டு இடங்களைப் பெற்றதன் பொருளை அக்கண்டமே உணர்ந்தது.

வெற்றி வேறு, நீதி வேறு

எத்தியோப்பியாவை வெல்ல உரோமைக்கு ஒரு பெரும்படை தேவைப்பட்டது. உரோமையை வெல்ல எத்தியோப்பியாவுக்கு ஒரே வீரர் போதுமாயிருந்தார் என்று மக்கள் பெருமையுடன் பேசிக்கொண்டனர். கேட்க இனிய சொல், பொய்யுமன்று. நடுகல்லின் அருகே அபெபே விரைந்ததை வஞ்சினம் தீர்த்த செயலாக எழுதியோரும் உண்டு. ஆனால், அந்த நேரத்தில் அவர் நெஞ்சில் இருந்தது என்ன என்று கற்பனை செய்ய நமக்கு உரிமை இல்லை. அவ்விடம் முதலில் அவர்கள் கண்ணில் பட்டது மேடும் பள்ளமும் பார்த்து ஓட்டத்தைத் திட்டமிட்டபோது. வரலாறு தன் பொருளைத் தானே அதன்மேல் ஏற்றிவைத்தது.

நான் எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. ஓட்டம் முடிந்தது, தீவட்டிகள் அணைந்தன, பதக்கம் அடிஸ் அபாபாவுக்குச் சென்றது. கல்லோ இருந்த இடத்திலேயே இருந்தது. எத்தியோப்பியாவிலிருந்து கவர்ந்து வந்த கலைப்பொருள்கள் யாவற்றையும் 18 மாதங்களுக்குள் திருப்பித் தருவதாக 1947-ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கையில் இத்தாலி ஒப்புக்கொண்டிருந்தது. ஓட்டம் நடந்த நாளிலேயே அக்கெடு கடந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கைதட்டியவர்கள் நன்மனம் உடையவர்களே. ஆனால் கைதட்டுவது எளிது. கையில் வைத்திருப்பதைத் திருப்பிக் கொடுப்பது அரிது.

நம் ஞானோபதேசம் இதனைச் சிறுவர்க்கும் தெளிவாகக் கற்பிக்கின்றது. களவாடியதை உரியவரிடம் சேர்க்க முயலாமல் செய்யும் பாவசங்கீர்த்தனம் நிறைவுடையதன்று. சக்கேயு ஆண்டவரை வீட்டில் வரவேற்று விருந்திட்டதோடு நிறுத்தவில்லை. கவர்ந்ததைத் திருப்பித் தருவதாகவும் வாக்களித்தான். தனி மனிதருக்குள்ள இக்கடமை நாடுகளுக்கும் உண்டு.

அக்கடமை நிறைவேற மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அந்நடுகல் மூன்று பகுதிகளாகப் பெரும் சரக்கு விமானத்தில் அக்ஸூமுக்குத் திரும்பியது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அது தன் பழைய இடத்திலேயே நிமிர்ந்து நின்றது. ஒரு மாலைப் பொழுதில் வெற்றி கிட்டியது. நீதி கிட்டுவதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அதனைக் காண அபெபே இல்லை. 1964-ஆம் ஆண்டு டோக்கியோவில், குடல்வால் அறுவை செய்துகொண்ட ஐந்து வாரங்களில், இம்முறை சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் வென்றார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல்வர் அவரே. 1968-இல் மெக்சிகோவில் அவர் பாதியில் விலக நேர்ந்தபோது, அவருடைய தோழர் மாமோ வோல்டே பொற்பதக்கத்தை எத்தியோப்பியாவுக்கே பெற்றுத் தந்தார். 1969-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நேர்ந்த கார் விபத்தில் அபெபேயின் கால்கள் செயலிழந்தன. உலகம் போற்றிய அப்பாதங்கள் மீண்டும் மண்ணை மிதிக்கவில்லை. அவரோ மனம் ஒடிந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்யும் போட்டிகளில் கலந்துகொண்டார். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், 41-ஆம் வயதில் காலமானார். அடிஸ் அபாபாவில் புனித சூசையப்பர் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் துயில்கின்றது.

அவர் தொடங்கிவைத்தது அவரோடு முடியவில்லை. 1992-ஆம் ஆண்டு பார்சிலோனாவில் எத்தியோப்பியாவின் டெரார்ட்டு துலு 10,000 மீட்டர் ஓட்டத்தில் வென்றார். ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினப் பெண்மணி அவர். இரண்டாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையினப் பெண் எலனா மேயர். நிறவெறிக் கொள்கை காரணமாக நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா அவ்வாண்டுதான் ஒலிம்பிக்கிற்குத் திரும்பியிருந்தது. இருவரும் கைகோத்து அரங்கைச் சுற்றி வந்தனர். 2024-ஆம் ஆண்டு பாரிசில் ஆண்கள் மாரத்தானை வென்றவரும் எத்தியோப்பியரே. தமிராட் டோலா என்பது அவர் பெயர்.

உரோமைக்குச் செல்வோர்க்கு

புனித இராயப்பர் பேராலயத்தின் பின்புறம், வத்திக்கான் மதிலுக்குள்ளேயே, அபிசீனியரின் புனித முடியப்பர் ஆலயம் என்னும் பழைய கோவில் ஒன்று உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எத்தியோப்பியத் துறவியரும் திருப்பயணிகளும் தங்கிச் சென்ற இடம் அது. எத்தியோப்பியக் குருமாணவர் பயிலும் கல்லூரியும் அம்மதிலுக்குள்ளே அமைந்துள்ளது. ஆகவே, உரோமை எத்தியோப்பியரை முதன்முதல் அறிந்தது அடிமைகளாகவும் அன்று, எதிரிகளாகவும் அன்று, விருந்தினராகவே அறிந்தது. இடையில் அதை மறந்தது. மறந்ததன் விலையை மற்றவர் கொடுத்தனர்.

அடுத்த முறை உரோமைக்குச் செல்லும் வாசகர் எவரேனும் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். செபஸ்தியார் வாயிலிலிருந்து புறப்பட்டு, கான்ஸ்தந்தீன் வளைவுவரை மெதுவாக நடக்க ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகாது. வழியில் கபேனா வாயிற் சதுக்கத்தில் சற்று நிற்க வேண்டும். ஆப்பிரிக்காவை ஆளுவதற்கென எழுந்த கட்டடம் அங்கே இன்றும் உள்ளது. 1951-ஆம் ஆண்டு முதல் அது, உலகின் பசித்தோர்க்கு உணவு கிடைக்க உழைக்கும் ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் தலைமையகம். ஊர்திகள் ஓயாது ஓடும் அச்சதுக்கத்தில் வழிகாட்டி எவரும் வந்து விளக்கம் கூறமாட்டார். நடுகல் நின்ற இடத்தில் இன்று நடுகல் இல்லை. உரோமை மாநகரில் ஒரு பொருள் இல்லாதிருப்பதைக் கண்டு நன்றி சொல்ல வேண்டிய இடம் அதுவே.